பிள்ளையின் பையில் வந்த சங்கிலிக் கடிதம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். ஏதாவது ஒரு பிள்ளையின் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாள் கிளம்பும். சில நாட்களில் பாதி வகுப்பு வீடுகளில் அதுவே பேச்சாகிவிடும். பெற்றோர் கூட்டத்திலும் வகுப்பு வாசலிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

வந்திருப்பது சங்கிலிக் கடிதம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"இதை இத்தனை பேருக்கு அனுப்பு" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சங்கிலிக் கடிதம்தான், சுற்றிலும் பூவும் பொம்மையும் வரைந்திருந்தாலும் சரி. பெரும்பாலும் ஒரு கெடுவும் இருக்கும்: மூன்று நாளுக்குள், ஆறு நாளுக்குள் என்று. பெயர்களும் முகவரிகளும் கொண்ட சிறு பட்டியல் ஒன்றும் இருக்கலாம்.

பிள்ளைகளிடம் அதிகம் வருவது பரிமாற்றக் கடிதம். முதல் பெயருக்கு ஒரு ஸ்டிக்கரோ பென்சிலோ கதைப் புத்தகமோ அனுப்பினால் உனக்குப் பல மடங்காகத் திரும்பி வரும் என்பது அதன் வாக்குறுதி. அடுத்தது அதிர்ஷ்டக் கடிதம்: அனுப்பினால் நல்லது நடக்கும், நிறுத்தினால் கெட்டது நடக்கும். மூன்றாவது, நோயுற்ற ஒரு குழந்தைக்காக வேண்டுகோள் விடுக்கும் கடிதம். மூன்றையும் ஒரே விதமாகக் கையாள வேண்டியதில்லை.

அண்மையில் என் மேசைக்கு வந்த ஒன்று நகலின் நகல். எழுத்துகள் பாதி வெளுத்துப்போய், மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரியே காணாமல் போயிருந்தது. பட்டியலின் இரண்டாவது பெயர் மட்டும் பென்சிலால், கோட்டைத் தாண்டாமல், தாளின் மறுபக்கம் தடம் தெரியும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தது. அந்தக் குழந்தை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது. இந்தக் கடிதங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒரு ஸ்டிக்கர் அனுப்பினால் 36 வரும் என்கிறது. உண்மையிலேயே வருமா?

யாரோ ஒருவருக்கு வரலாம். எல்லோருக்கும் வர வழியே இல்லை.

ஒவ்வொரு பிள்ளையும் அனுப்புவது ஒரே ஒரு ஸ்டிக்கர். ஒருவருக்கு 36 கிடைத்தால் அது 36 பிள்ளைகள் கொடுத்தது. ஆகவே கடிதத்தில் சொல்லியபடி எல்லாம் பிசகாமல் நடந்தாலும், கலந்துகொள்ளும் 36 பேரில் ஒருவருக்குத்தான் பலன். மற்ற 35 பேருக்கு ஒன்றுமில்லை. நடுவில் யாராவது நிறுத்திவிட்டதால் வருகிற நஷ்டம் இல்லை இது. கணக்கே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். ஒருவர் ஆறு பேருக்கு, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேருக்கு என்று போனால் இரண்டாவது சுற்றிலேயே 36 புதிய பிள்ளைகள் வேண்டும். ஒரு வகுப்பு அதிலேயே தீர்ந்துவிடும். ஐந்தாவது சுற்றுக்கு 7,776 பேர். பத்தாவது சுற்றுக்கு ஆறு கோடிக்கு மேல். பதின்மூன்றாவது சுற்றுக்கு 1,300 கோடிக்கு மேல் ஆட்கள் தேவை. உலகத்தில் அத்தனை மனிதர்களே இல்லை.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு கடிதம் கிளம்பியது. பட்டியலில் ஆறு பெயர்கள். முதல் பெயருக்கு 10 சென்ட் நாணயம் ஒன்றை அனுப்பிவிட்டு, உங்கள் பெயரைக் கடைசியில் சேர்த்து ஐந்து பேருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பெயர் உச்சிக்கு வரும்போது 15,625 நாணயங்கள், அதாவது 1,562 டாலர் 50 சென்ட், வந்து சேரும் என்றது கடிதம். கடிதக் குவியலில் அந்நகர அஞ்சல் அலுவலகம் திணறிப்போனது. வேறு நகரங்களுக்கும் அந்த மோகம் பரவி, சில மாதங்களில் அடங்கியது.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். ஒரு தாளில் 6, 36, 216 என்று அவர்களையே பெருக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவர்களே பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பேசாமல் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டால் என்ன? பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். பிள்ளை அந்தக் கடிதத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நீங்கள் இரவோடு இரவாகத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். மறுநாள் பள்ளியில் தோழி, "நீ அனுப்பிவிட்டாயா?" என்று கேட்பாள். உங்கள் பிள்ளைக்குப் பதில் தெரியாது. அனுப்பியதாகப் பொய் சொல்லும், இல்லாவிட்டால் கடிதத்தைத் தன் கவனக்குறைவால் தொலைத்துவிட்டதாக நினைத்து உள்ளுக்குள் மறுகும். பரிமாற்றக் கடிதமாக இருந்தால் வராத ஸ்டிக்கருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும்.

பெரியவர் ஒருவர் கடிதத்தைப் பிள்ளையின் கண் முன்னே கையில் வாங்கி, படித்து, "இது நம் வீட்டோடு நிற்கிறது, நிறுத்துவது நான்" என்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சங்கிலியை அறுக்கும் பொறுப்பு உங்களுடையது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். "அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்" என்று ஆறு வயதுக் குழந்தையிடம் விடுவது சுதந்திரம் கொடுப்பதாகாது. அதனால் தாங்க முடியாத ஒரு சுமையை அதன் தலையில் ஏற்றுவதாகும்.

"அனுப்பாவிட்டால் உன் வீட்டில் யாருக்காவது கெட்டது நடக்கும்" என்று எழுதியிருக்கிறது. மகன் தூங்கவே மறுக்கிறான். என்ன சொல்வது?

முதலில், அந்தப் பயம் உண்மையான பயம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். தான் நினைப்பதும் செய்வதும் தொடர்பே இல்லாத நிகழ்ச்சிகளை வரவழைக்கும் என்று சிறு குழந்தைகள் நம்புவது இயல்பு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயதுவரையிலான பருவத்தின் சிந்தனையில் இந்தப் போக்கைக் கண்டு விளக்கினார். கோபத்தில் தம்பியைத் திட்டிய அன்று தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், தன்னால்தான் வந்தது என்று நினைக்கும் வயது அது. அப்படிப்பட்ட குழந்தையின் கையில் "உன்னால் உன் பாட்டிக்கு ஆபத்து" என்ற தாளைக் கொடுப்பது கொடுமை. எழுதியவர் விளையாட்டாக எழுதியிருக்கலாம். படிக்கும் குழந்தைக்கு அது விளையாட்டில்லை.

என் வகுப்பில் ஒரு சிறுவன் சில நாட்களாக இடைவேளையில் வெளியே வராமல் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். பென்சில் பெட்டியின் அடியில் கடிதம் இருந்தது. அருகில் உட்கார்ந்து மெல்லக் கேட்டபோது சொன்னான்: "ஆறு பேருக்கு அனுப்ப வேண்டும் டீச்சர். எனக்கு நான்கு நண்பர்கள்தான் இருக்கிறார்கள்." சாபத்துக்கு அஞ்சியது ஒரு பக்கம், தனக்கு நண்பர்கள் போதவில்லை என்ற வெட்கம் இன்னொரு பக்கம். கடிதத்தில் இருக்கும் அந்த எண்ணிக்கை இப்படியும் குழந்தையைக் குத்தும் என்பதைப் பெரியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "இந்தக் கடிதத்தை இப்போது நான் வாங்கிக்கொண்டேன். இனி இது உன்னுடையது இல்லை, என்னுடையது. நான் யாருக்கும் அனுப்பப் போவதில்லை. யாராவது கேட்டால் டீச்சரிடம் இருக்கிறது என்று சொல்." வீட்டில் "டீச்சர்" என்ற இடத்தில் "அம்மா" என்றோ "அப்பா" என்றோ வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து கை மாறுவது முக்கியம். குழந்தை அதை உங்கள் உள்ளங்கையில் வைக்கட்டும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். வரப்போகும் நாட்களைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். "இந்த வாரம் யாருக்காவது சளி பிடிக்கலாம். நீ ஓடும்போது விழுந்து முழங்கால் சிராய்க்கலாம். போன வாரமும் அப்படித்தானே நடந்தது? அப்போது கடிதமே வரவில்லையே." இதைச் சொல்லி வைக்காவிட்டால், இரண்டு நாள் கழித்து யாரோ தும்மினாலும் குழந்தை மிரண்டுபோகும்.

சிரித்து ஒதுக்காதீர்கள். "இதற்கெல்லாமா பயப்படுவாய்?" என்றால் பயம் போகாது, பயத்தை உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். பரிகாரம் போல எதையும் செய்யாதீர்கள், கடிதத்தைச் சடங்காக எரிப்பது உட்பட. எரித்தால்தான் தப்பிக்க முடியும் என்றால், அதில் ஏதோ சக்தி இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். மற்றத் தாள்களோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போடுங்கள்.

தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, பள்ளிக்கு வர அடம்பிடிப்பது ஆகியவை இரண்டு மூன்று வாரம் ஆகியும் நீடித்தால் கடிதம் வெறும் சாக்காக இருக்கலாம். ஆசிரியரோடும், தேவைப்பட்டால் குழந்தைகள் மருத்துவரோடும் பேசுங்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கே கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது. எதற்கு வம்பு என்று அனுப்பிவிடலாமா?

இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் அனுப்பினால் உங்கள் உறுத்தல் ஆறு வீடுகளுக்குப் போகும். அந்த ஆறு வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது. அதை நினைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது என்பது என் அனுபவம்.

அனுப்பியது என் மகளின் நெருங்கிய தோழியின் அம்மா. அவர் மனம் கோணாமல் மறுப்பது எப்படி?

அவரும் உங்களைப் போலத் திணறித்தான் அனுப்பியிருப்பார். தன் பிள்ளை அழுததால், ஆறு பெயர் தேடித் தேடி, உங்களைக் கடைசியாகச் சேர்த்திருக்கவும் கூடும். ஆகவே குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். நீளமான விளக்கமும் வேண்டாம். விளக்கம் நீண்டால் அறிவுரை போலாகிவிடும். இந்த அளவு போதும்:

"வணக்கம். பாப்பா கொடுத்த கடிதம் கிடைத்தது. எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட கடிதங்களைத் தொடர்வதில்லை என்று வைத்திருக்கிறோம், அதனால் எங்களோடு நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் பட்டியலில் வேறு யாரையாவது சேர்க்க நினைத்தால் என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். பிள்ளைகள் இருவரும் ஒரு நாள் சேர்ந்து விளையாட ஏற்பாடு செய்வோமா?"

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கடிதத்தை மறுக்கிறீர்கள், தோழமையை மறுக்கவில்லை என்பது அதில்தான் தெரிகிறது. "வேறு யாரையாவது" என்ற வரி உங்களுக்கு நெருடினால் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் எடுத்துவிடுவதே நல்லது.

கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவது பழிவாங்குவதாகத் தோன்றும். அதையும் அந்தக் குழந்தைதான் முதலில் பார்க்கும்.

எல்லோரும் அனுப்புகிறார்கள், எனக்கு மட்டும் கிடைக்காது என்று பிள்ளை அழுகிறது.

அழட்டும், சற்று நேரம். ஏமாற்றம் நிஜம்தான். பட்டியலில் இருக்கும் பெயருக்கு ஸ்டிக்கர் அனுப்பாமல், பிள்ளைக்குப் பிடித்த ஒருவருக்கு ஒரு ஸ்டிக்கரும் ஒரு படமும் வைத்து அனுப்பலாம் என்று சொல்லுங்கள். உறவினர், இடம் மாறிப்போன பழைய நண்பர், யாராக இருந்தாலும் சரி. அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. "மற்றவர்களுக்கும் வரப்போவதில்லை, பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுநாள் உங்கள் பிள்ளை அதை வகுப்பில் ஒப்பித்து, தோழிகளை அழவைத்துவிட்டு வரும்.

பள்ளியிடம் சொல்ல வேண்டுமா? காட்டிக்கொடுப்பது போலாகாதா?

சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்குத் தெரியாமலேயே பல கடிதங்கள் பைக்குப் பை மாறுகின்றன. பிள்ளைகளின் டைரிக்குள் இருப்பதால் பள்ளியே அனுப்பியதாகச் சில பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவாவது பள்ளிக்குத் தெரிய வேண்டும். யார் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "வகுப்பில் இப்படி ஒரு கடிதம் சுற்றுகிறது, பிள்ளைகள் சிலர் பயப்படுகிறார்கள்" என்றால் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தொடங்கியது யார் என்று வகுப்பில் விசாரணை நடத்தாதீர்கள். தொடங்கியவர் உங்கள் வகுப்பிலேயே இருக்க மாட்டார். அகப்படுவது, கடைசியாக நகலெடுத்த ஏதோ ஒரு பாவப்பட்ட பிள்ளை. மேசை மேல் ஒரு பெட்டியை வைத்து, "இப்படிக் கடிதம் யாரிடமாவது இருந்தால் இதில் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பெட்டி நிறைவதைப் பார்ப்பீர்கள். பெற்றோருக்கும் இரண்டு வரியில் ஒரு குறிப்பு: பள்ளி வழியாகச் சங்கிலிக் கடிதங்களைக் கொடுத்தனுப்ப வேண்டாம், பிள்ளையிடம் வந்தால் எங்களிடம் கொடுங்கள்.

பட்டியலில் என் பிள்ளையின் பெயரும் முகவரியும் இருப்பதால் ஆபத்து உண்டா?

பீதி வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. குழந்தையின் பெயர், வயது, வீட்டு முகவரி மூன்றும் ஒரே தாளில் சேர்ந்து, நீங்கள் பார்த்தே இராத ஆட்களின் கைக்குப் போகின்றன. சிலர் தாளைப் படம்பிடித்துப் போனிலும் பகிர்கிறார்கள். பிறகு அதை யாராலும் திரும்பப் பெற முடியாது. வந்த கடிதத்தில் மற்றக் குழந்தைகளின் முகவரி இருந்தால், தூக்கிப் போடும் முன் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள்.

ஒரு நோயாளிக் குழந்தைக்காக என்று வந்திருக்கிறது. அதையும் நிறுத்துவதா?

ஆம், சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. 1989-ல் பிரிட்டனில் மூளையில் கட்டி வந்த ஒரு சிறுவனுக்காக, வாழ்த்து அட்டைகள் பெறுவதில் உலகச் சாதனை படைக்க உதவுங்கள் என்று ஒரு வேண்டுகோள் கிளம்பியது. அது உண்மையான வேண்டுகோள். சிறிது காலத்திலேயே ஒரு கோடிக்கும் அதிகமான அட்டைகள் வந்து குவிந்து, கின்னஸ் சாதனையும் ஆனது. 1991-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்தச் சிறுவன் பிழைத்தும் விட்டான். கடிதம் மட்டும் நிற்கவில்லை. போதும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்ட பிறகும், அவன் வளர்ந்து ஆளான பிறகும் அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. போகப் போகச் செய்தியே திரிந்து, வாழ்த்து அட்டை வணிக முகவரி அட்டையானது. வேண்டுகோளோடு தொடர்பே இல்லாத ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டது.

நல்ல எண்ணத்தில் பிறந்த சங்கிலியையும் யாராலும் நிறுத்த முடிவதில்லை. உதவ வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால் அந்த ஆசையை அணைக்காதீர்கள். நேரடியாக விசாரிக்கக்கூடிய ஒரு மருத்துவமனைக்கோ அமைப்புக்கோ, உங்கள் பெயரில், நீங்களே செய்யுங்கள். பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இது சட்டவிரோதமா?

ஸ்டிக்கர், வாழ்த்து போன்றவை பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. பணமோ மதிப்புள்ள பொருளோ கேட்டு, பல மடங்காகத் திரும்பும் என்று வாக்களித்தால் கதை வேறு. அமெரிக்காவில் அப்படிப்பட்ட கடிதங்களை அஞ்சலில் அனுப்புவது குற்றம். இந்தியாவில் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. பிள்ளை கொண்டுவந்த தாளில் பணம் என்ற சொல் இருந்தால் அன்றே பள்ளித் தலைமையிடம் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் ஏற்கெனவே ஆறு பேருக்கு அனுப்பிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

அந்த ஆறு வீட்டுக்கும் ஒரு வரி சொல்லுங்கள்: "நாங்கள் அனுப்பிய கடிதத்தைத் தொடர வேண்டாம், தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிடுங்கள், பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்." பெரும்பாலானவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

தாள் போய் இப்போது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வருகிறதே?

அங்கே அனுப்புகிறவர்கள் நாமேதான். 2019 பிப்ரவரியில் "மோமோ" என்ற விகார முகம் பிள்ளைகளைத் தீங்கு செய்துகொள்ளத் தூண்டுகிறது என்ற எச்சரிக்கை பிரிட்டனில் பெற்றோர் வழியாகவும் பள்ளிகள் வழியாகவும் காட்டுத்தீயாகப் பரவியது. அதனால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நேர்ந்ததற்கு ஆதாரமில்லை என்று குழந்தைகள் நல அமைப்புகள் அறிவித்தன. அந்த முகம் ஜப்பானியக் கலைக்கூடம் ஒன்றில் 2016-ல் காட்சிக்கு வைக்கப்பட்ட சிற்பத்தினுடையது. அதுவரை அதைக் கேள்விப்பட்டே இராத குழந்தைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தியது அந்த எச்சரிக்கைதான். "எல்லாப் பெற்றோருக்கும் பகிருங்கள்" என்று முடியும் செய்தியைப் பகிரும் முன், பள்ளியையோ காவல்துறையையோ கேளுங்கள்.

அதே கடிதம் மறுபடியும் வந்தால்?

அதே பதில், இன்னும் சுருக்கமாக. இரண்டாவது முறை பிள்ளையே அதை நீட்டி, "அம்மா, இன்னொன்று வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். பெயர்களையும் முகவரிகளையும் அடித்துவிட்டு, தாளை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எந்த வகுப்பில் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு அது உதவும்.